இருவர் பார்க்கும் நுணுக்குக்காட்டி

என் மனைவி நோயியல் வைத்தியர். நோயாளிகளை அவள் நேரில் பார்ப்பது குறைவு. அவர்களிடமிருந்து வெட்டியெடுத்த சின்னச் சின்னத் தசைத் துண்டுகளைப் பார்ப்பாள். மெழுகில் உறையவைத்து, வெங்காயச் சருகைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, ஊதாவும் இளஞ்சிவப்புமாய்ச் சாயமேற்றிய துண்டுகள். அதில் புற்று இருக்கிறதா, இல்லையா என்று எழுதிக் கையெழுத்து வைப்பதுதான் அவளுடைய வேலை. நான் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கல்யாணமாகிக் கனகாலம், அவளுடைய வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் "இண்டைக்கு வேல கூட", "இண்டைக்குப் பரவாயில்ல" என்ற இரண்டு வசனங்கள்தான்.

ஒருநாள் காலை அவள் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். கொடுத்துவிட்டு வரலாமென்று கல்லடிப் பாலத்தைத் தாண்டி வைத்தியசாலைக்குப் போனேன். ஆய்வுகூடத்தின் உள்ளறைக் கதவு திறந்துகிடந்தது. அங்கே இருந்த நுணுக்குக்காட்டிக்கு இரண்டு தலைகள். ஒரே தகட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் எதிரெதிராக இருந்து பார்ப்பதற்காகச் செய்தது. ஒரு பக்கம் என் மனைவி. மற்றப் பக்கம் அவளோடு வேலை செய்யும் மற்ற நோயியல் வைத்தியர், சித்தாண்டி ஊர்க்காரர், எங்களைவிட நாலைந்து வயது மூத்தவர். இருவரும் கண்ணைக் குழாயில் வைத்திருந்தார்கள். நான் வந்தது இருவருக்கும் தெரியவில்லை.

"இந்த மூலையப் பாருங்க டொக்டர்."

"ம். கொஞ்சம் கீழ வாங்க."

"இப்ப?"

"ஆ, அதான். அது என்ன செய்யுது அங்க?"

இருவரும் சிரித்தார்கள். பெரிய சிரிப்பில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் குணம் தெரிந்தவர்கள் சிரிப்பது போன்ற ஒரு சின்னச் சிரிப்பு. நான் தொண்டையைச் செருமினேன். அவள் தலையைத் தூக்கி, "ஓ, போன். கொண்டாங்க" என்றாள்.

"என்னத்துக்குச் சிரிச்ச?"

"அது... சொன்னா உங்களுக்கு விளங்காதுப்பா."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். உண்மையும் அதுதான். ஆனால் திரும்பி வரும்போது பாலத்தில் நெரிசலில் நின்ற முழு நேரமும் அந்த வசனம் என் காதுக்குள் கிடந்தது. எங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பரீட்சை, இரண்டு பக்கத்து அம்மா அப்பாக்களின் சீனி வருத்த மருந்து என்று நாங்கள் கதைக்காத கதையில்லை. ஆனால் நாங்கள் இருவரும் ஒரே பொருளை ஒரே நேரத்தில் பார்த்து, ஒன்றையே கண்டு, அப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் வரவில்லை.

அந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவரில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். மனைவி ஆசிரியை, மூன்று பிள்ளைகள், வயல் இருக்கிறது, அறுவடை முடிந்ததும் புது அரிசி கொண்டுவந்து எங்கள் வீட்டிலும் ஒரு பை வைத்துவிட்டுப் போவார். என் மனைவியை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளும் அப்படித்தான். இருவரும் ஒருவரையொருவர் "டொக்டர்" என்பார்கள். சந்தேகப்பட ஏதாவது இருந்திருந்தால் சண்டை பிடித்தாவது இருப்பேன். ஒன்றுமில்லாத இடத்தில் பொறாமை மட்டும் தனியாக நின்றது.

அந்தக் காலத்தில் என்னுடைய ஆராய்ச்சி நெல்லைப் பற்றியது. படுவான்கரைப் பக்க வயல் வட்டைகளுக்கு மாணவர்களோடு போய், நோய் விழுந்த நெல் இலைகளைப் படமெடுத்து, அந்தப் படங்களைக் கணினிக்குக் காட்டி, எது எந்த நோயென்று கண்டுபிடிக்கப் பழக்குவது. இலையில் விழும் புள்ளியைக் கணினி கண்டுபிடிக்குமென்றால், வாய்க்குள்ளிருந்து எடுத்த தசைத் துண்டில் ஏன் முடியாது? இந்தக் கேள்வியை மானிய விண்ணப்பத்தில் மிக அழகாக எழுதினேன். எங்கள் பக்கத்தில் வெற்றிலையும் புகையிலையும் போடுகிறவர்கள் அதிகம், வாய்ப்புற்று அதிகம், நோயியல் வைத்தியர்கள் குறைவு, கணினி உதவி செய்தால் முடிவு விரைவாகக் கிடைக்கும் என்று எழுதினேன். எல்லாம் உண்மை. ஆனால் அந்த இரட்டைத்தலை நுணுக்குக்காட்டிக்கு மூன்றாவது தலையொன்று பூட்டிக்கொள்ளத்தான் நான் எழுதினேன் என்பதை எந்தப் பந்தியிலும் எழுதவில்லை.

மானியம் கிடைத்தது. தகடுகளை முழுசாகப் படமெடுக்கும் சிறிய ஸ்கேனர் ஒன்று வந்தது. வைத்தியசாலை அனுமதி தந்தது, நோயாளிகளின் பெயரெல்லாம் நீக்கிய பழைய தகடுகளை எங்களுக்குத் தந்தார்கள். எங்கள் கேள்வி புற்றைப் பற்றியதல்ல, அதற்கு முந்திய நிலையைப் பற்றியது. உயிரணுக்கள் ஒழுங்கு குலையத் தொடங்கியிருக்கும், இன்னும் புற்றாகியிருக்காது. அந்தக் குலைவு லேசா, நடுத்தரமா, கடுமையா என்று சொல்வதில் வைத்தியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபடும். லேசென்றால் வெற்றிலையை விடச் சொல்லி, பிறகு வந்து காட்டச் சொல்வார்கள். கடுமையென்றால் வெட்டி எடுக்க வேண்டும்.

கணினிக்குப் பழக்குவதற்கு யாராவது முதலில் சரியான விடையைச் சொல்லித் தர வேண்டும். அதற்கு எனக்கு இரண்டு நோயியல் வைத்தியர்கள் தேவை. ஊரில் இருந்தது அந்த இரண்டு பேர்தான்.

திரையில் தகட்டின் படத்தைத் திறந்து, குலைந்த இடங்களைச் சுற்றிக் கோடு கீற வேண்டும். மனைவிக்குப் பச்சைக் கோடு, அவருக்கு மஞ்சள். ஒருவர் கீறுவது மற்றவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும் இரண்டும் தெரியும். இந்த ஏற்பாட்டைச் செய்தபோது எனக்குள் ஒரு திருப்தி இருந்தது. முதல் முறையாக அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் இருந்தேன்.

அவர் வீட்டுக்கு வந்து எனக்குப் பாடமும் எடுத்தார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, "தம்பி, மேல பாக்காதீங்க. கீழ் அடுக்கில இரிந்து தொடங்குங்க. ஒழுங்கு குலையிறது அங்கதான் முதல்ல தெரியும்" என்பார். அவர் என்னைத் தம்பி என்று கூப்பிடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. நான் பார்த்தேன். ஊதாப் புள்ளிகள் தெரிந்தன. ஒழுங்கும் தெரியவில்லை, குலைவும் தெரியவில்லை.

"விளங்குதா?"

"ஓம், டொக்டர்" என்றேன்.

சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். எனக்கு விளங்கவில்லை என்பது அவளுக்கு விளங்கியது. திரும்ப உள்ளே போய்விட்டாள்.

கோடு கீறும் வேலை மாதக்கணக்கில் போனது. முடிந்ததும், இருவரும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்று கணக்குப் பார்த்தேன். ஆராய்ச்சிக்கு அது மிக நல்ல செய்தி. அவ்வளவு ஒத்துப்போனார்கள். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எட்டிப் பார்த்து, "சேர், சூப்பராயிரிக்கு" என்றாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோட்டுக்கு மேல் மஞ்சள் கோடு, வளைவுக்கு வளைவு ஒட்டிக்கொண்டு போனது. ஒரே தெருவில் இரண்டு பேர் நடந்து போவதைப் போல. நானும் என் மனைவியும் வீட்டுச் சுவருக்கு நிறம் தெரிவுசெய்ய ஒரு வாரம் சண்டை பிடித்தவர்கள்.

ஒத்துப்போகாத தகடுகளும் சில இருந்தன. அவைதான் எனக்கு இனித்தன. அன்று பகல் சாப்பிடும்போது, சாதாரணமாகக் கேட்பது போல, "ஒரு ஸ்லைட்ல நீ லேசு எண்டு போட்டிரிக்காய், அவர் நடுத்தரம் எண்டு போட்டிரிக்கார்" என்றேன்.

அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "எந்த ஸ்லைட்?"

"இன்னும் கொஞ்சமும் இரிக்கு அப்படி."

"எல்லாத்தையும் அனுப்புங்க. நாளைக்கு டொக்டரோட இருந்து பாக்கிறன்."

மறுநாள் அவர்கள் இருவரும் அந்தத் தகடுகளை எடுத்துக்கொண்டு காலை முழுவதும் நுணுக்குக்காட்டியில் இருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். கருத்து வேறுபாட்டைக் கொடுத்து அவர்களை இன்னும் நெருக்கமாக உட்காரவைத்தவன் நான்தான்.

கணினி பழகியது. தகட்டைக் காட்டினால், குலைந்திருக்கும் இடங்களைச் சிவப்பாக்கி, லேசு, நடுத்தரம், கடுமை என்று ஒன்றைச் சொன்னது. வைத்தியசாலையில் ஒரு கூட்டம் வைத்து அதைக் காட்டினோம். நான் படங்களைப் போட்டேன். கேள்விகள் வந்தபோது வைத்தியர்கள் என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். அவர் எழும்பி, கணினி எதைப் பார்க்கிறது, ஏன் அதைப் பார்க்கிறது என்று எளிமையாக விளங்கப்படுத்தினார். என்னைவிட நன்றாக விளங்கப்படுத்தினார். கடைசியில், "எல்லாம் தம்பியின்ட கெட்டித்தனம்" என்று என் தோளில் தட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். என் மனைவியும் தட்டினாள். அவள் யாருக்குத் தட்டினாள் என்று வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்தேன்.

பிறகு வருடாந்த இடமாற்றத்தில் அவருடைய பெயர் வந்தது. தூரத்து வைத்தியசாலை ஒன்றுக்கு, எங்களிடமிருந்து ஒரு பகல் பயணம். பிரியாவிடைக்கு ஆய்வுகூடத்தில் கேக் வெட்டினார்கள். நான் போய், கை கொடுத்து, நல்ல வார்த்தைகள் சொன்னேன். எனக்குள் இருந்த சந்தோசம் வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே சொன்னேன் போலிருக்கிறது. அவருடைய கண் கலங்கியது.

அதற்குப் பிறகு என் மனைவி தனியாள். ஊரின் தசைத் துண்டுகள் எல்லாம் அவளுடைய மேசைக்கு வந்தன. எங்கள் கணினி இன்னும் ஆராய்ச்சிக்குத்தான், அதை வைத்து முடிவு எழுத முடியாது. ஆனால் அவள் தன் முடிவை எழுதிக் கையெழுத்து வைத்த பிறகு, அதே தகட்டை எனக்கு அனுப்பி, "உங்கட மெஷின் என்ன சொல்லுது?" என்று கேட்கத் தொடங்கினாள். நான் காத்திருந்தது இதற்குத்தான். பின்னேரங்களில், பிள்ளைகள் ரியூசனுக்குப் போயிருக்கும் நேரம், நாங்கள் இருவரும் மடிக்கணினிக்கு முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். நான் பிளேன்டீ ஊற்றிக் கொண்டுவந்து வைத்தேன். ஒரே பொருளை ஒரே நேரத்தில் பார்த்தோம்.

அப்படி ஒரு பின்னேரம், ஒரு தகட்டில் சிவப்புப் படர்ந்துகொண்டிருந்தது. அவள் நாடியைக் கையில் தாங்கிக்கொண்டு கனநேரம் பார்த்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

"என்ன?"

"இது டொக்டர் பாக்கிற மாதிரியே பாக்குது. பாருங்க, கீழ் அடுக்கில இரிந்து தொடங்குது. அவரும் இப்படித்தான். சந்தேகமான இடத்தில நான் லேசு எண்டா அவர் ஒரு படி கூட்டித்தான் சொல்லுவார்."

எனக்குத் தேநீர் கசந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் அதில் அதிசயம் ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்தால் அவளுக்குச் சமையல், பிள்ளைகள். அவர் வார இறுதிகளிலும் இருந்து கோடு கீறினார். கணினிக்குப் பாடமெடுத்ததில் பெரும்பகுதி அவருடைய மஞ்சள் கோடுகள். அவர் போய்விட்டார் என்று நினைத்திருந்தேன். என் சாப்பாட்டு மேசையில், என் மனைவிக்குப் பக்கத்தில், நானே அவரைக் கொண்டுவந்து இருத்தியிருந்தேன்.

"அவர்ட கோடுகள எடுத்துப்போட்டு, உன்ட கோடுகள மட்டும் வைச்சு ஒருக்காப் பழக்கிப் பாக்கப்போறன்" என்றேன்.

"ஏன்?"

"ஆராய்ச்சிக்குத்தான். ஒருத்தர்ட மட்டும் வைச்சா எப்படி இரிக்கும் எண்டு பாக்கிறதுக்கு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "சரி, பாருங்க" என்றாள்.

பழக்கினேன். புதியது ஓடத் தொடங்கியது. கொஞ்சநாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளுக்கு இல்லை. ஒவ்வொரு தகட்டிலும் அவள் என்ன எழுதினாளோ அதையே அதுவும் சொன்னது. பிறகு தகடு அனுப்புவது குறைந்தது. பிறகு நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை ஞாயிறு பாடசாலையில் விட்டுவிட்டு, அது முடியும்வரை வாவியோரம் காரை நிற்பாட்டிக்கொண்டு இருந்தோம். தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒருவர் தோணியில் நின்று வலையை உதறிக்கொண்டிருந்தார். நான், "ஏன் இப்ப ஸ்லைட் ஒண்டும் அனுப்புறல்ல?" என்று கேட்டேன்.

"என்னத்துக்கு? அது நான் சொல்றதையே சொல்லுது. நான் பிழை விட்டா அதுவும் அதே பிழையத்தான் விடும். எனக்கு ஓம் போடுறதுக்கு ஒரு மெஷின் தேவையில்ல."

நான் தோணிக்காரர் வலையை உதறுவதைப் பார்த்தேன்.

"உங்களுக்கு டொக்டரில எரிச்சலா?"

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. நான் இல்லையென்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"ஓம்."

"எப்ப இரிந்து?"

"கனகாலமா."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அவர் போனதில எனக்குக் கவலதான். இல்லையெண்டு உங்களுக்குச் சொல்ல மாட்டன்" என்றாள். "நீங்க நினைக்கிற கவல இல்ல. ஆனா சின்னக் கவலயும் இல்ல. என்ட பேனையால ஒரு ஆளுக்கு லேசு எண்டு எழுதுறன். அந்த ஆள் நம்பி வீட்ட போகுது. முந்தியெல்லாம் எழுத முதல் ஒருக்கா அந்தப் பக்கம் தலையத் தூக்கிக் கேக்க ஒரு ஆள் இரிந்தது. 'இல்ல டொக்டர், நீங்க பிழை' எண்டு சொல்றதுக்கு ஒரு ஆள். இப்ப நான் தலையத் தூக்கினா வெறும் சுவர்."

அந்த இடத்தில் என்னை ஒரு நாளும் வைத்துப் பார்க்க முடியாது என்பது தெளிவாகத் தெரிந்தது. நான் எவ்வளவு படித்தாலும், எத்தனை கணினியைப் பழக்கினாலும், அவளிடம் "நீங்க பிழை" என்று சொல்ல எனக்குத் தகுதி வராது. பிள்ளைகள் ஓடிவந்து காரில் ஏறினார்கள். அன்று நாங்கள் அதைப் பற்றி மேலே கதைக்கவில்லை.

அந்த வாரமே வந்தது அந்தத் தகடு. குருக்கள்மடம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருவர், இன்னும் நாற்பது ஆகவில்லை, வெற்றிலையே போடாதவர். நாக்கின் ஓரத்தில் ஆறாத ஒரு வெள்ளைத் திட்டு. என் மனைவிக்கு லேசாகத்தான் தெரிந்தது. கனநாளைக்குப் பிறகு எனக்குத் தகட்டை அனுப்பினாள், புதிய கணினியும் லேசு என்றது. ஆனால் அவளுக்கு மனம் ஒப்பவில்லை. முடிவை எழுதவும் இல்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்தாள்.

"பழைய மெஷின் இன்னும் இரிக்கா? அழிச்சுப்போட்டீங்களா?"

"இரிக்கு."

"அதில ஒருக்காப் போட்டுப் பாருங்க."

போட்டேன். பழையது கீழ் அடுக்கில் ஒரு மூலையைக் கடும் சிவப்பாக்கி, கடுமை என்றது. அவளிடம் சொன்னேன்.

"அது பிழையாவும் இரிக்கலாம்" என்றாள். "டொக்டர் ஒருக்கா இதப் பாக்க வேணும். ஆனா போன்ல படமெடுத்து அனுப்பினா மங்கலாப் போகுது."

நான் செய்தது இதுதான். தகட்டின் முழுப்படத்தையும் இரண்டு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் திறக்கிற மாதிரி, ஒருவர் நகர்த்தினால் மற்றவருக்கும் நகர்கிற மாதிரி, ஆளுக்கொரு அம்புக்குறியோடு ஒரு இணையப் பக்கத்தை அமைத்தேன். கஷ்டமான வேலையில்லை. என் மாணவர்கள் இதைவிடச் சிக்கலானதைச் செய்வார்கள். ஆனால் இதைச் செய்யலாமென்று எனக்கு எப்போதோ தெரிந்திருந்தும், இதுவரை செய்யத் தோன்றவேயில்லை. பிறகு நானே அவருக்குப் போன் எடுத்தேன்.

"தம்பி, எப்படி இரிக்கிறீங்க?" என்றார். குரலில் அவ்வளவு சந்தோசம். அங்கே அவருக்கும் கேட்க ஆளில்லை என்று பிறகு சொன்னார்.

அடுத்த நாள் காலை ஆய்வுகூடத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் திரைக்கு முன்னால் அவள் இருந்தாள், நான் பின்னால் நின்றேன். பச்சை அம்பு நகர்ந்தது, மஞ்சள் அம்பு பின்னால் வந்தது. "கீழ வாங்க", "ம்", "இதுவா?", "இல்ல, அதுக்கு இடப்பக்கம்." அவர்கள் கதைத்த அரைவாசி எனக்கு இப்போதும் விளங்கவில்லை. அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. அவர் இடமாறிப் போனதிலிருந்து அவளை நான் அப்படிக் கண்டதில்லை.

"நான் லேசு எண்டுதான் பாத்தன்" என்றாள்.

"அப்படித்தான் தெரியும். ஆனா இந்த மூல எனக்குப் பிடிக்கல்ல. துண்டு ஆழமா எடுபடல்ல போல. இதை வைச்சு எழுதாதீங்க. இன்னும் ஆழமா ஒரு துண்டு எடுக்கச் சொல்லுங்க."

திரும்ப எடுத்தார்கள். ஆழத்தில் சின்னதாக ஒரு புற்று தொடங்கியிருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். நாக்கின் ஒரு சிறு ஓரம் மட்டும் போனது. அந்தப் பெண் பேசுகிறார், சாப்பிடுகிறார், பரிசோதனைக்கு ஒழுங்காக வந்துபோகிறார் என்று என் மனைவி சொன்னாள். நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை.

யார் கண்டுபிடித்தது என்று என்னைக் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் மனைவியின் மனம் ஒப்பாததுதான் முதல். இரண்டு பேருடைய கோடுகளிலும் பழகிய கணினியில் எல்லாத் தகடுகளையும் திரும்ப ஓட்டினேன். ஒருவருடைய கோடுகளில் மட்டும் பழகியதை ஆய்வுக் கட்டுரையில் ஒரு எச்சரிக்கையாக எழுதினேன். ஒரே ஒருவரிடம் மட்டும் படித்தது அவருடைய குருட்டுப் பக்கத்தையும் சேர்த்துப் படித்துவிடும் என்று. கட்டுரையில் எங்கள் மூன்று பேருடைய பெயரும் இருந்தது. அந்தப் பரிசோதனையை ஏன் செய்தேன் என்று கட்டுரையைப் படித்தவர்கள் யாரும் கேட்கவில்லை.

இப்போது வாரத்தில் ஒரு காலை அவர்கள் இருவரும் அந்தத் திரையில் சந்திக்கிறார்கள். இணைப்பு அறுந்தால் எனக்குத்தான் போன் வரும். நான் சரிசெய்து கொடுப்பேன். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். சில நாட்கள் அது வராது. சில நாட்கள் அவள் வீட்டுக்கு வந்து, உற்சாகமாக, "இண்டைக்கு ஒரு ஸ்லைட் பாத்தம்" என்று தொடங்கி, பாதியில் என் முகத்தைப் பார்த்து, விளங்கப்படுத்தத் தொடங்கும்போது வரும்.

போன மாதம் அவர் திரும்ப இந்த ஊருக்கே மாற்றம் கேட்டு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னார். இங்கே நடக்கும் ஆராய்ச்சிக்கு அவர் தேவை என்று பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் இருந்தால் உதவும் என்றார். எழுதித் தருகிறேன் என்றேன். ஒரு பகல் முழுவதும் இருந்து எழுதினேன். அவருடைய கவனம், பொறுமை, மற்றவர்களுக்கு விளங்கப்படுத்தும் விதம் எல்லாவற்றையும் எழுதினேன். எழுதியது எல்லாமே உண்மை என்பதால் இன்னும் கஷ்டமாக இருந்தது. அனுப்ப முதல் மனைவியிடம் காட்டினேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக வாசித்தாள். ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள்.

"நல்லாயிரிக்கு" என்றாள். பிறகு, "ஆனா அவரப் பத்தி இன்னும் கொஞ்சம் நல்லா எழுதலாமேப்பா" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கடிதத்தை வாங்கிக்கொண்டு போய், இன்னொரு பந்தி சேர்த்தேன்.